நூலை மாற்றித் தந்த மகன்

ராணுவ அதிகாரி பயிற்சிக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர, என் மகன் இரண்டு வருடம் உழைத்தான். எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் தேறினான். ஆனால் மருத்துவப் பரிசோதனையில், வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே இருந்த எண்ணை அவனால் படிக்க முடியவில்லை. நிறப்பார்வைக் குறைபாடு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆரணியில் எங்கள் வீட்டில் பட்டுத்தறி இருக்கிறது. சிறுவயதில் பச்சை நூல் கேட்டால் சிவப்பை எடுத்துத் தருவான். "கவனத்த எங்க வச்சிகினு கீற?" என்று முதுகில் அடிப்பேன்.

பரிசோதனை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, "அப்பவே சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாதாம்மா தெரியும். நீ அடிக்கச்சொல்ல, நான்தான் சரியா பாக்கலன்னு நெனச்சிகினேன்" என்றான்.

இப்போது எங்கள் தெருப் பிள்ளைகளில் யார் ராணுவத்துக்குப் படிக்கப் போகிறேன் என்றாலும், முதலில் கண் டாக்டரிடம் நானே அழைத்துப் போகிறேன். மகனோ நூல் எடுக்கும்போதெல்லாம், "இது பச்சதானேம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தருகிறான். அடித்த கையால் அதை வாங்கிக்கொள்கிறேன்.