சித்ரா பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து

கடற்கரையிலிருந்து பதினைந்து நிமிட நடையில் குடியிருந்துகொண்டு, பத்து வயது வரை என் பெண்ணின் மேல் கடல் தண்ணீர் படாமல் வளர்த்தவன் நான். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மயிலாப்பூரில் குளத்துக்குக் கிழக்கே ஒரு சந்தில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழந்தைகளை சாந்தோம் பக்கம் கூட்டிப் போவேன். பெண்ணின் மணிக்கட்டு ஒரு கையில், ஐந்து வயதுப் பையனுடையது இன்னொரு கையில். அலை ஏறி வந்தால் மூன்று பேரும் பின்னால் ஓடுவோம். அங்கே வலை உலர்த்தும் மீனவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பது எனக்குத் தெரியும். "அப்பா, இறங்கலாமா?" என்று பெண் கேட்பாள். என்னிடம் இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. சாதாரண நாள் என்றால், "அமாவாசை, பௌர்ணமி தவிர சமுத்திரத்தைத் தொடப்படாது. சாஸ்திரம்." அமாவாசையோ பௌர்ணமியோ ஆகித் தொலைத்துவிட்டால், "இன்னிக்கு அலை ஜாஸ்தி, இழுத்துண்டு போயிடும்." ஆக, மாதம் முப்பது நாளுக்கும் பதில் இருந்தது.

இரண்டாம் தடவை கேட்டால் கத்துவேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம், ஊரறிந்த விஷயம். என் மனைவி கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாள் முழுக்க நாற்பது குழந்தைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு என் கோபமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "அப்பா கத்தி முடிக்கட்டும், அப்புறம் சாப்பிடலாம்" என்று தட்டு வைப்பாள். பெண் அப்படியில்லை. நான் சொன்னால் நம்பிவிடுவாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆபீசில் எனக்கு எல்.டி.சி. வந்தது. குடும்பத்தோடு ஊர் பார்த்துவர, நாலு வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கார் கொடுக்கும் சலுகை. பக்கத்து சீட்டுக்காரர் அப்போதுதான் அந்தமான் போய்வந்திருந்தார். "ஓய், அங்க அலையே கிடையாது. நம்ம கோயில் குளம் மாதிரி நிக்கறது" என்றார். அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பெண் மோர் சாதத்திலிருந்து கையை எடுத்துவிட்டு யோசித்தாள். "அங்க அலை இல்லேன்னா, பௌர்ணமி அன்னிக்கு இறங்கலாமாப்பா?"

என் இரண்டு பதில்களையும் ஒரே கேள்வியில் காலி செய்துவிட்டாள். என் மனைவி ரசச் சட்டியோடு நின்று என் முகத்தையே பார்த்தாள். வேறு வழியில்லாமல், "இறங்கலாம்" என்றேன்.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருஷம் வீட்டில் அதே பேச்சு. கூடத்தில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் பௌர்ணமி வரும் தாள்களையெல்லாம் புரட்டிப் பார்த்து பென்சிலால் வட்டம் போட்டாள். குளிக்கிற அறையில் பக்கெட் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தி மூச்சடக்கிப் பழகினாள். வெளியே நின்று தம்பி எண்ண வேண்டும். அவனுக்குப் பன்னிரண்டுக்கு மேல் வரிசை தப்பிவிடும். இரண்டு பேருக்கும் சண்டை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற காலம் அது. "ஒரு பக்கெட்டை வச்சுண்டு என்னடி பண்றே உள்ள?" என்று கதவைத் தட்டுவேன். "இருபது வந்துடுத்துப்பா" என்று ஈரத்தலையோடு வந்து நிற்பாள்.

நாள் குறித்தது நான்தான். மே மாத லீவில் சித்ரா பௌர்ணமி வந்தது. கப்பலில் மூன்று நாள் பயணம். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பௌர்ணமி. உலகத்தில் எல்லோரும் லீவையும் டிக்கெட்டையும் பார்த்துச் சுற்றுலா கிளம்புவார்கள். நான் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பாம்புப் பஞ்சாங்கமும் ஆபீஸ் லீவு லிஸ்ட்டும் இவ்வளவு ஒத்துப்போனதை எண்ணி என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

கப்பலுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. புளிக்காய்ச்சல் ஒரு தூக்கு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஒரு டப்பா, முறுக்கு ஒரு டின் என்று இரண்டு ஆட்டோவில் துறைமுகம் போய் இறங்கினால், இன்ஜின் ரிப்பேர், மூன்று நாள் கழித்துத்தான் புறப்படும் என்றார்கள். மூட்டை முடிச்சோடு வீட்டுக்கே திரும்பினோம். சந்தில் பார்த்தவர்களெல்லாம், "அதுக்குள்ள போயிட்டு வந்துட்டேளா?" என்று கேட்டார்கள். அந்த இட்லியை மயிலாப்பூரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். பெண் காலண்டருக்கு எதிரில் நின்று விரல்விட்டு எண்ணினாள். அவள் கணக்கில் கெட்டிக்காரி.

கப்பலில் மூன்றாம் நாள் சாயங்காலம் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு பக்கம் சூரியன் இறங்க, எதிர்ப்பக்கம் நிலா எழும்பியது. அவ்வளவு பெரிய நிலாவை மயிலாப்பூரில் மொட்டைமாடிகளுக்கு நடுவே நான் பார்த்ததில்லை. "நிலா நம்மகூடவே அந்தமான் வருமா?" என்று பையன் கேட்டான். பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்குத்தானேப்பா?" என்றாள்.

"ஆமாம்."

"நாளைக்குக் காலம்பற போய்ச் சேர்ந்துடுவோமே. ஒரு நாள்தானே தள்ளிப் போறது?"

"நாளைக்கு பிரதமை."

"ஒரே ஒரு நாள்ப்பா."

"சாஸ்திரத்துல ஒரு நாள் என்ன, அரை நாள் என்ன? சொன்னா சொன்னதுதான்" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். கம்பியை விட்டுவிட்டுக் கீழே படி இறங்கிப் போனாள். என் மனைவி பின்னாலேயே போனாள். போகும்போது என்னிடம், "நன்னா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அந்த இரண்டு வார்த்தைகளுக்கு நான் ராத்திரி சாப்பாட்டையே விட்டுவிட்டேன்.

போர்ட் பிளேரில் இறங்கிய மறுநாள், பவளப்பாறை பார்க்க ஒரு குட்டித் தீவுக்குப் படகில் போனோம். படகோட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, "மைலாப்பூரா சார்? நம்ம நொச்சிக்குப்பம். வந்து இருவது வருசம் ஆச்சு" என்றார். எங்கள் கடற்கரையில் வலை உலர்த்துகிறவர்களின் ஆள். மூன்று நாள் கடலைத் தாண்டி வந்து பக்கத்துத் தெருக்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

படகின் அடியில் ஒரு கண்ணாடி பதித்திருந்தார்கள். அதன் வழியே மஞ்சளும் ஊதாவுமாக மீன்கள் போயின. குழந்தைகள் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் நிமிர்ந்து என் விரலைத் தொட்டாள். "ஏம்ப்பா உன் கை இவ்ளோ ஜில்லுனு இருக்கு?" என்றாள். "காத்து" என்றேன். காற்றே இல்லை.

தீவில் அலை நிஜமாகவே இல்லை. தண்ணீர் கண்ணாடித் தட்டாகக் கிடந்தது. அடியில் மணல் தெரிந்தது. என் மனைவி செருப்பைக் கழற்றினாள். "மூணு நாள் கப்பல்ல வந்து மணல்ல உக்காந்துண்டு போறதுக்கு நான் வரலை. நீங்க உங்க பஞ்சாங்கத்தைக் கட்டிண்டு உக்காருங்கோ" என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகி, பையனோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். "நீயும் வாடி" என்று பெண்ணைக் கூப்பிட்டாள்.

அவள் போகவில்லை. கடலுக்கென்று வீட்டிலிருந்து எடுத்துவந்த பழைய நீலப் பாவாடையை உடுத்திக்கொண்டு, மணலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவோடு போயிருந்தால் நான் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும். என் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

படகுக் கயிற்றைக் கட்டிவிட்டு வந்த படகோட்டி, "இன்னா பாப்பா, குந்திக்கினு கீற? எறங்கி ஆடு. கொளம் மாரி கீது" என்றார்.

"இன்னிக்கு துவிதியை மாமா" என்றாள் பெண், பாடம் ஒப்பிப்பது போல. "அமாவாசை, பௌர்ணமி தவிர கடலைத் தொடக்கூடாது. பாவம்."

"அப்டியா? நான் தெனமும் தொடறேனே" என்றார் அவர். கிண்டல் இல்லை. நிஜமாகவே விஷயம் தெரியாத மாதிரிதான் கேட்டார்.

பெண் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, மாமா தினமும் தொடறாரே. அவருக்குப் பாவமா?"

அவரும் என்னைப் பார்த்தார். கடலில் இறங்கிப் பிழைக்கிற மனிதர், நேர் எதிரில் நிற்கிறார். ஆமாம் என்று எப்படிச் சொல்வது? இல்லை என்றால் இவள் ஏன் மணலில் உட்கார்ந்திருக்கிறாள்?

"அவருக்குப் பாவமெல்லாம் இல்லைம்மா" என்றேன். "எனக்குத்தான் பயம்."

சொல்லிவிட்டேன். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் மனைவியிடம்கூடச் சொல்லாததை அந்த மணலில் சொன்னேன். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சாந்தோமில் குளிக்கப் போனதும், ஓர் அலை காலை வாரியதும், எது மேலே எது கீழே என்று தெரியாமல் உப்புத் தண்ணீரைக் குடித்ததும், யாரோ ஒருவர் முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டதும். வீட்டில் சொன்னால் தோலை உரித்துவிடுவார்கள் என்று சட்டையை வெயிலில் உலர்த்திப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். அப்புறம் என் அப்பா சொன்ன சாஸ்திரம் வசதியாக இருந்தது. முப்பது வருஷமாக அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

படகோட்டி படகுப் பக்கம் நகர்ந்துவிட்டார். பெண் மணலைக் கையில் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் அவளுக்கும் மூக்கு சிவக்கும்.

"பயம்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேனேப்பா" என்றாள். "நான் பாட்டுக்கு பௌர்ணமி பௌர்ணமின்னு எண்ணிண்டு இருந்தேன்."

சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் தலைமுறை அப்பாக்களுக்குக் கிடையாது. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தேன். "வா" என்றேன்.

இந்த முறை அவள்தான் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கணுக்கால் நனைந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முழங்கால் வரை வந்ததும் நின்றாள்.

"போதும்ப்பா. இதுக்கு மேல உனக்கு பயமா இருக்கும்."

ஒரு வருஷம் காத்திருந்த குழந்தை, எனக்காக முழங்காலோடு நிறுத்திக்கொள்கிறாள். எதிரே என் மனைவி, நாங்கள் இரண்டு பேரும் தண்ணீரில் நிற்பதைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றாள். "இன்னும் கொஞ்சம் போலாம்" என்றேன். இடுப்பு வரை போனோம். அங்கே பெண் நின்று, "எண்ணு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டாள்.

ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினேன். அவள் பின்னல் தண்ணீரில் மிதந்தது. பன்னிரண்டில் எனக்கும் வரிசை தப்பப் பார்த்தது. பதினைந்தில் அவளைத் தூக்கிவிடலாமா என்று கை போனது. போகாமல் நிறுத்திக்கொண்டேன். கடலில் நான் செய்த பெரிய காரியம் அது ஒன்றுதான். இருபத்து மூன்றில் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் கேள்வியாக, "பயந்தியா?" என்றாள். "ரொம்ப" என்றேன். சிரித்தாள். மறுபடியும் அமிழ்ந்தாள்.

மயிலாப்பூருக்குத் திரும்பிய அன்றைக்குக் காலண்டரில் இரண்டு வாரத்துத் தாள்கள் கிழிபடாமல் இருந்தன. மொத்தமாகக் கிழித்துக் கசக்கினேன். சாயங்காலம் இரண்டு பேரையும் சாந்தோமுக்குக் கூட்டிப் போனேன். அலை ஏறி வந்தது. பழக்கத்தில் குழந்தைகள் பின்னால் ஓடினார்கள். நான் ஓடவில்லை. அலை கணுக்காலைச் சுற்றிவிட்டுப் போயிற்று. பெண் ஓடின இடத்திலிருந்து மெல்லத் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, இன்னிக்கு என்ன திதி?"

"பார்க்கலை" என்றேன்.