அட்ராக்டாவின் விரல்

ஆள்காட்டி விரல் எழுந்துவிட்டது. இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அலுவலகச் சன்னலுக்கு வெளியே, தாமதமாக வந்த பையன்கள் தலையில் மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறார்கள். ஒருவனுக்கு மூக்கில் ரத்தம். அது கொஞ்சம் பொறுக்கட்டும். அட்ராக்டா கில்ராய் தலையைச் சாய்த்து, மேசை மேலிருக்கும் பழைய ரேடியோவுக்குக் காதைக் கொடுத்திருக்கிறாள். செய்தி முடிந்து, உள்ளூர் வானொலியில் சாவு அறிவிப்பு ஓடுகிறது. இன்னார், இன்ன ஊர், இன்ன தேவாலயத்தில் பூசை, பூமாலை வேண்டாம். தெரியாத பெயர் வந்தால் உதட்டைப் பிதுக்குவாள். தெரிந்த பெயர் வந்தால் "அடப் பாவமே" என்று நெஞ்சில் ஒரு சிலுவை. பள்ளிக்கு வேண்டப்பட்ட பெயராக இருந்தால், தூக்கிய விரல் மடங்கி மேசையில் 'டொக்'கென்று ஒரு தட்டு தட்டும். தட்டு விழுந்தால் டிரைவர் கோல்மனின் பள்ளி பஸ் கிளம்பப்போகிறது என்று பையன்களுக்குத் தெரியும். சிலர் முகத்தில் சந்தோஷம்கூடத் தெரியும், கணக்கு வகுப்பு போகுமே!

அயர்லாந்தின் டூனகரா ஊரில் இந்த ஆண்கள் பள்ளிக்கு 'பிரதர்ஸ்' என்றுதான் பேர். பள்ளியை நடத்திய, அங்கி போட்ட துறவி பிரதர் ஒருவரும் இப்போது அங்கே கிடையாது. கடைசிப் பிரதரை அடக்கம் செய்து வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் "பையன் எங்க படிக்கிறான்?" என்று கேட்டால், "பிரதர்ஸ்ல" என்றுதான் பதில் வரும். அந்தப் பிரதர்ஸில் அலுவலகம் என்றால் அட்ராக்டா. நாற்காலிக்குப் பின்னால், தாழ்வாரத்தில் பந்தடித்து விளையாடியதற்காகப் பிடுங்கி வைத்த ஹர்லிங் ஆட்ட மட்டைகள் ஒரு கட்டு. மேசைக்குக் கீழே மூடி திறந்த செவன் அப் பாட்டில். வயிற்று வலி என்று வருகிறவனுக்கு கேஸ் இறங்கிய செவன் அப்தான் மருந்து, தலைவலிக்கும் அதுவேதான். கதவுக்குப் பின்னால் ஆணியில் அவளுடைய கறுப்புக் கோட்டு.

இந்தப் பள்ளியில் மட்டும் எந்தப் பையனும் பாட்டி செத்துவிட்டாள் என்று பொய் சொல்லி லீவு போட முடியாது. புதிதாகச் சேர்ந்த ஒருவன் முயன்று பார்த்தான்.

"எந்தப் பாட்டிடா?"

"அம்மாவோட அம்மா, மிஸ்."

"லாகர்டான் ஊர்ப் பாட்டியா? அவங்க சாவுக்கு நான் போயிட்டு வந்தவடா. மூணு வருஷம் ஆச்சு. உங்க மாமா பாட்டுப் பாடினாரு, உங்க சித்தி ஹாம் சாண்ட்விச்ல வெண்ணெயே தடவல. மறுபடி எப்படிடா செத்தாங்க?"

பையன் வந்த வழியே வகுப்புக்குப் போய்விட்டான்.

பள்ளியோடு ஒட்டு உறவு உள்ளவர் யார் இறந்தாலும், பையனுடைய அப்பாவோ அம்மாவோ, பழைய வாத்தியாரோ, பழைய மாணவரோ, பிரதர்ஸ் பையன்கள் பிளேசர் போட்டுக்கொண்டு தேவாலய வாசலிலிருந்து கதவு வரை இரண்டு பக்கமும் வரிசையாக நிற்க வேண்டும். நடுவில் சவப்பெட்டி போகும். பிறகு குடும்பத்தாருக்குக் கை கொடுக்க வேண்டும். இதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை, அட்ராக்டாவின் சட்டம். ஒத்திகைகூட உண்டு. சன்னல் வழியே தன் கையை நீட்டுவாள், ஒவ்வொருவனாக வந்து பிடித்துக் காட்ட வேண்டும்.

"இது கையா, நனைஞ்ச துணியா? நல்லாப் பிடிடா. கண்ணப் பாரு. 'உங்க துக்கத்துல நாங்களும் இருக்கோம்'னு சொல்லு. முடிஞ்சுது, விடு. நீ யாரு, விடாமப் பிடிச்சுக்கிட்டிருக்க? பொண்ணு பாக்கவா வந்திருக்க? அடுத்தவன் வா. சூயிங்கத்தத் துப்பு முதல்ல!"

சாவு வீட்டுப் பைத்தியம் என்று அவளை ஊரில் கேலி செய்பவர்கள் உண்டு. அவளுக்கு அது தெரியும். "கல்யாணத்துக்கு என்ன எவன் கூப்பிடுறான்? கூப்பிட்டாலும் புது உடுப்பு வாங்கணும், பரிசு வாங்கணும். சாவுக்கு இந்த ஒத்தக் கோட்டு போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆனால் கோல்மனுக்கு விஷயம் தெரியும். அவள் புருஷன் ஜோவைப் புதைத்த அன்றைக்கு அப்படியொரு பனி கொட்டியது. ரோடெல்லாம் அடைத்துப்போய், கல்லறையில் ஒரு கை விரலுக்குள் அடங்கும் கூட்டம். வந்தவர்களின் பேரை எப்போது கேட்டாலும் சொல்லுவாள். அதில் முதல் பேர், டிராக்டரில் ஏறி வந்த கோல்மனுடையது. அதனால்தான் எந்த மழையிலும் அவள் கூப்பிட்டால் பஸ்ஸை எடுக்கிறான், முணுமுணுத்துக்கொண்டே.

வயது அறுபத்தாறு. ஓய்வு பெற்றிருக்க வேண்டியவள். நிர்வாகக் குழு வருடத்துக்கு ஒரு தடவை, ஜூன் மாதம், "இன்னும் ஒரு வருஷம்" என்று தீர்மானம் போட்டால்தான் அந்த நாற்காலி அவளுக்கு. இத்தனை நாளும் அது ஒரு சடங்குபோல நடந்துகொண்டிருந்தது. இந்த வருடம் அப்படியில்லை. புதுப் பிரின்சிபால் ஃபின்டன் டெவேன், டப்ளினிலிருந்து வந்த சுறுசுறுப்பான மனுஷன், சன்னலை எடுத்துவிட்டுக் கண்ணாடி வரவேற்பறை கட்ட வேண்டும் என்கிறார். லீவு சொல்வதற்கு செல்போனில் ஏதோ ஒரு ஆப் வரப்போகிறதாம். "அந்த ஆப்பு வந்து மூக்கு ரத்தத்தத் தொடைக்குமா?" என்று அட்ராக்டா கேட்டாள். குழுவின் தலைவர் டெர்மட் ஹெனகன், மாட்டுச் சந்தை நடத்துகிறவர், வாசலில் பார்த்தபோது அவளிடம், "ஜூன் மாசம் பாக்கலாம் அட்ராக்டா, யோசிக்கணும்" என்றார். அந்த 'யோசிக்கணும்' அவள் காதிலேயே நின்றுவிட்டது. சன்னலுக்குப் பின்னால் உட்காராத ஒரு காலை நேரத்தை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. வீட்டில் ரேடியோ இருக்கிறது. வீட்டில் விரலைத் தூக்கினால் யார் பேச்சை நிறுத்தப்போகிறார்கள்?

இந்த வருட மே மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் தலைவரின் தம்பி, மருந்துக்கடை மார்ட்டின் ஹெனகன், மாரடைப்பில் போய்விட்டார். ராத்திரிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் காலை அட்ராக்டா விரலைத் தூக்கினாள். ரேடியோ சொன்னது: "மார்ட்டின் ஹெனகன், நாக்கரோ. நாளைக் காலை பதினோரு மணிக்கு நாக்கரோ தேவாலயத்தில் பூசை." டொக்.

அந்த நேரம் பார்த்து பிரின்சிபால் உள்ளே வந்தார். "மிஸஸ் கில்ராய், ஜெராக்ஸ் மெஷின்காரன் லைன்ல இருக்கான், ஒண்ணுமே கேக்கல" என்று கையை நீட்டி ரேடியோவை அணைத்துவிட்டார். அட்ராக்டா பார்த்த பார்வையில் வேறொருவராக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார். "சார், நடுப் பூசையில மெழுகுவத்திய ஊதுவீங்களா நீங்க?" என்றாள். இருந்தாலும் தனக்கு வேண்டியது காதில் விழுந்துவிட்டதே என்று மறுபடியும் ரேடியோவைப் போடவில்லை. ஹெனகன்களின் பூர்வீகம் நாக்கரோ மலைதான், தாத்தா பூட்டன் கல்லறையெல்லாம் அங்கேதான். மார்ட்டினை அங்கே கொண்டுபோகிறார்கள் போலும் என்று எடுத்துக்கொண்டாள். சந்தேகமே வரவில்லை.

அன்றைக்கு அவள் பண்ணிய ஏற்பாட்டைப் பார்க்க வேண்டுமே! மேல்வகுப்பில் நெடுநெடுவென்று வளர்ந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கினாள். டை முடிச்சை அவளே இறுக்கினாள். ஷூவுக்குப் பாலிஷ் போடாதவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாள். தலைவர் வீட்டுச் சாவு. டெர்மட் ஹெனகன் இந்த வரிசையைப் பார்க்கட்டும், பார்த்துவிட்டு யோசிக்கட்டும். ஜூன் மாதத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு சாவுக்குக் கிளம்பியது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது அவளுக்கு.

புதன்கிழமை நாக்கரோவில் ஆளைத் தள்ளும் காற்று. சின்னக் கோயில், சுற்றிலும் ஆடு மேயும் சரிவு. பையன்கள் இரண்டு பக்கமும் நின்றாயிற்று. வாசலில் வேறு ஆளையே காணோம். தலைவரின் பெரிய கார் இல்லை, சந்தைக்காரர்கள் இல்லை, அட்ராக்டாவுக்கு ஏதோ நெருடியது. அப்போது கோட்டுப் பையில் போன் அடித்தது. பிரின்சிபால்.

"மிஸஸ் கில்ராய், எங்க இருக்கீங்க? இங்க ஊர்ப் பெரிய கோயில் வாசல்ல சேர்மன் ஹெனகன் நிக்கிறாரு. நம்ம பையன் ஒருத்தனக்கூடக் காணோம்!"

"நாங்க நாக்கரோவில இருக்கோம் சார். ரேடியோவில..."

"நாக்கரோவா? அங்க யாரு செத்தா?"

சரியான கேள்வி. சவ வண்டி மலை ரோட்டு வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரே ஒரு கார்.

கோல்மன் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி வந்தான். "அட்ராக்டா, கெட்டுது போ! இது மலை மேல இருந்த மார்ட்டின். இங்கிலாந்துல கட்டட வேலைக்குப் போய்க் கெடந்தானே, அக்கா நோரீனோட இருந்தானே, அவன். அவனும் மார்ட்டின் ஹெனகன்தான். நீ ரேடியோவ முழுசாக் கேக்கலயா?"

"கேக்க விட்டாத்தான!"

போன் இன்னும் காதில் கத்திக்கொண்டிருந்தது. "இங்க சவ வண்டி பதினொண்ணரைக்குத்தான் வருது. இப்பவே ஏத்திக்கிட்டு வந்தாப் பிடிச்சிடலாம். உடனே கெளம்புங்க. சேர்மன் என்னையே பாத்துக்கிட்டிருக்காரு. உங்க விஷயம் ஜூன் மாசம் அவர் கையிலதான் இருக்கு, நான் சொல்ல வேண்டியதில்ல."

"நான் எஞ்சினப் போடுறேன்" என்று கோல்மன் ஓடினான். பஸ் ஒரு தடவை இருமி, உறும ஆரம்பித்தது.

வரிசையின் தொடக்கத்தில் நின்றவன் ஹர்லிங் அணியின் பின்காப்பாளன், கதவளவு உடம்புக்காரன். அவன் உதட்டை அசைக்காமல் கேட்டான்: "மிஸ், தப்பான சாவுக்கு வந்துட்டோமா?"

"வாய மூடு. நேரா நில்லு."

டூனகராவில் கடனை மறப்பார்கள், சண்டையை மறப்பார்கள், தங்கள் வீட்டுச் சாவுக்கு வராதவனை மட்டும் மறக்கவே மாட்டார்கள். ஆனால் இப்போது பையன்களைக் கூட்டிக்கொண்டு ஓடினால், அந்த நோரீன் கிழவியின் கண் முன்னாலேயே ஓட வேண்டும். வண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

பின்னால் வந்த காரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் இறங்கி, ஊன்றுகோலோடு நோரீன் ஹெனகனைக் கைத்தாங்கலாக இறக்கினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாசலிலிருந்து கோயில் கதவு வரை, இரண்டு பக்கமும் பிளேசர் போட்ட பிள்ளைகள். கிழவியின் கை வாய்க்குப் போனது. யாருக்கோ வந்த கூட்டம் என்று நினைத்தாளோ என்னவோ, பின்னால்கூட ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஊன்றுகோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பின்காப்பாளன் முன்னால் வந்து வலது கையை நீட்டினாள்.

அவன் அட்ராக்டாவை ஓரக்கண்ணால் பார்த்தான். அவன் குனிந்து, அந்தச் சின்னக் கையை நன்றாகப் பிடித்து, கண்ணைப் பார்த்துச் சொன்னான்: "உங்க துக்கத்துல நாங்களும் இருக்கோம்."

"வந்தீங்களே சாமி" என்றாள் நோரீன். அடுத்தவனிடம் போனாள். அதற்கடுத்தவனிடம் போனாள். ஒருவனைக்கூட விடவில்லை. காற்றில் தலைமுக்காடு பறக்கப் பறக்க, வரிசை முழுக்க ஒவ்வொரு கையாகப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒருவனிடம் "பிரதர்ஸா நீங்க?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றான்.

கடைசியில் அட்ராக்டா முன்னால் வந்து நின்றாள்.

"ரெண்டு வருஷந்தாம்மா படிச்சான் என் தம்பி. அப்பா பண்ணை வேலைக்குன்னு நிறுத்திட்டாரு. ஆனா லண்டன்லகூட 'நான் பிரதர்ஸ் பையன்'னுதான் சொல்லிக்கிட்டுத் திரிவானாம். 'போடா, அங்க உன்ன யாருக்குடா ஞாபகம் இருக்கும்'னு நான் கிண்டல் பண்ணுவேன்." கிழவி அட்ராக்டாவின் கையை விடாமல் பிடித்திருந்தாள். "ஞாபகம் வச்சிருக்கீங்களே. நான் நெனைக்கவே இல்ல. இப்ப கெளம்பிட மாட்டீங்கல்ல? பூசை முடியுற வரைக்கும் இருப்பீங்கல்ல?"

கோட்டுப் பையில் போன் மறுபடியும் துடித்தது. பின்னால் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. கோல்மன் ஒரு தடவை ஹாரனைக்கூட அடித்துவிட்டான்.

"அவன் எங்க பையன்மா. கல்லறை வரைக்கும் வருவோம்" என்றாள் அட்ராக்டா.

வலது கை நோரீனின் கைக்குள் இருந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் போய், ஆள்காட்டி விரலைத் தூக்கியது. கோல்மன் எஞ்சினை அணைத்தான்.