வெள்ளிக்கிழமை காலி செய்யக் கூடாத பெட்டி

திருப்பதி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எங்கள் முதலாளி அக்கா நடத்திய இன்டர்நெட் சென்டரில், காலையில் முதல் குங்குமம் சாமி படத்துக்கு, இரண்டாவது அந்தப் பெட்டிக்கு. தட்டையான இரும்புப் பெட்டி, முன்னால் ஒரு பச்சை விளக்கு. சென்னையில் யாரோ கழித்துப் போட்டதை நான்தான் தேடிப் பிடித்து வாங்கி வந்தேன். பன்னிரண்டு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து எங்களுக்கு இருந்தது நூல் மாதிரி ஒரே ஒரு லைன். ஒருமுறை திறந்த பக்கத்தை இந்தப் பெட்டி தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கேட்டால் வெளியே போகாமல் உடனே எடுத்துக் கொடுக்கும். காலையில் அரைத்த மாவில் நாள் முழுக்க தோசை ஊற்றுவது போலத்தான் என்று அக்காவுக்கு விளக்கினேன்.

“அப்போ எல்லாத்தயும் அரைச்சு வெச்சிடு தம்பி” என்றார்.

எதை வைத்துக்கொள்ளலாம், எதை உடனுக்குடன் புதிதாகக் கொண்டுவர வேண்டும் என்று அந்தப் பெட்டிக்கே தெரியும். வேகத்துக்கு ஆசைப்பட்டு, அதன் அறிவை அணைத்து எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொன்ன புத்திசாலி நான். அதற்குப் பரிகாரமாகத் தினமும் கடை திறந்ததும் பழையதைக் காலி செய்துவிடுவேன். விஷயம் அக்காவின் காதுக்குப் போனது. அக்கா நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். செவ்வாய், வெள்ளியில் வீட்டிலிருந்து எதையும் வெளியே தள்ளக் கூடாது, விளக்கு வைத்த பிறகு தள்ளவே கூடாது. ஆள் ஊருக்குக் கிளம்பிய நாளில் பெருக்கக் கூடாது. பெட்டிக்கும் அதே சட்டம் என்றார். ஒரு நாள் பழைய செய்தியால் யார் குடி முழுகிவிடும் என்று நானும் தலையாட்டினேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வழக்கப்படி காலி செய்யவில்லை. புதன்கிழமை அக்காவின் கூடப்பிறந்த தம்பி குவைத்துக்குக் கிளம்பினார். காலி செய்யக் கூடாது. விமானம் ரத்தாகித் திரும்பி வந்தவர் வியாழக்கிழமை மறுபடி கிளம்பினார், அன்றும் கூடாது. அப்புறம் வெள்ளி. கடையின் வேகத்தை ஊரே மெச்சியது. தொண்ணூற்று நான்கு ரன்னில் நான்கு நாளாக நின்ற ஓர் ஆட்டக்காரரின் பொறுமையைக்கூட ஒரு வாடிக்கையாளர் மெச்சினார்.

நகரிப் பக்கத்துப் பாலசமுத்திரத்திலிருந்து ஓர் அண்ணன் தினமும் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார். வெல்டர். வெளிநாட்டு வேலைக்கு இன்டர்வியூ கடிதம் மெயிலில் வர வேண்டும். வாரம் முழுக்க அவருக்கு மெயில் பெட்டி காலி.

“இன்னா வேகமா தொறக்குது, ஒண்ணுமே இல்லியே” என்பார்.

“வரும் வரும். துன்னுட்டு வந்தியா நீ?” என்பார் அக்கா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளக்கு வைத்த நேரம். அந்தக் கிரிக்கெட் ரசிகர் வந்து, ஆட்டம் நேற்றே முடிந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அண்ணன் திங்கட்கிழமை பார்த்த பக்கத்தைத்தான் பெட்டி இன்றுவரை எடுத்து எடுத்துக் காட்டியிருக்கிறது. அக்காவிடம் சொன்னேன். இப்போதே காலி செய்ய வேண்டும் என்றேன்.

குவைத்துக்குக் கிளம்பிய தம்பி போய்ச் சேர்ந்த தகவல் இன்னும் வந்திருக்கவில்லை. அக்கா சாமி விளக்கைப் பார்த்தார், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த வெல்டரைப் பார்த்தார். பிறகு ஒரு பூவை எடுத்து விளக்கைக் குளிர வைத்தார்.

“வெளக்கே வெக்கல. இப்போ தள்ளு.”

தள்ளினேன். செவ்வாய்க்கிழமையே வந்திருந்தது கடிதம். சனிக்கிழமை காலை ஒன்பது மணி, சென்னை, பாஸ்போர்ட்டோடு. அவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அக்கா போன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து அது அடித்தது. “சேந்துட்டியா? ஒன்னால ஒருத்தன் வேலயே போயிருக்கும்டா” என்று திட்டிவிட்டு அழுதார். வெல்டருக்கு வேலை கிடைத்தது. பெட்டிக்கு நான் அதன் அறிவைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் இதே மாதிரிப் பெட்டிகள் பலவற்றைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே எழுதியே வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு: வெள்ளிக்கிழமை எதிலும் கை வைக்கக் கூடாது. ஏதாவது கெட்டால் சனி, ஞாயிறில் சரிசெய்ய ஆள் இருக்காது என்று அதற்கு ஆங்கிலத்தில் நான்கு பக்கக் காரணங்கள். போன வாரம் அக்காவுக்குப் போன் செய்து அதைச் சொன்னேன்.

“நல்ல கம்பெனிதான். ஆனா செவ்வாய்க்கெழமைய வுட்டுட்டாங்களே” என்றார்.