சவரி அண்ணனின் பயம்

சேதி வந்தபோது எங்கள் பெட்டி வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தது. அரியலூரிலிருந்து தினமும் திருச்சிக்கு வேலைக்குப் போகிற சீசன் டிக்கெட்காரர்கள் நாங்கள். காலை பாசஞ்சர் ஊரைத் தாண்டுவதற்குள் முக்கால்வாசிப் பேர் கண்ணை மூடிவிடுவோம். லால்குடி பக்கம் போகும்போது என் போன் அடித்தது. மேரி அக்கா. அவருடைய கணவர் சவரிமுத்து அண்ணன் அன்று வண்டிக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். "டீச்சர், அவரு போயிட்டாரு. குளிச்சிட்டு வந்து உக்காந்தாரு, அவ்ளோதான்" என்றார் அக்கா. நான் ஒவ்வொருவர் தோளாகத் தட்டி எழுப்பினேன். எழுந்தவர்கள் எல்லோரும் "திருச்சி வந்துடுச்சா?" என்றுதான் கேட்டார்கள். எத்தனை பேரிடம் இல்லையென்று சொல்லிவிட்டு மற்றதைச் சொல்வது?

சவரி அண்ணனை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு கண் மருத்துவமனையில் கண்ணாடி கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தார். முழு மாதத்துக்கும் பணம் கட்டி வாங்குகிற சீசன் ஞாயிற்றுக்கிழமையும் செல்லும்போது அதை ஏன் வீணாக்க வேண்டும் என்று முதலில் கேட்டவர் அவர்தான். அப்படித்தான் எங்கள் ஞாயிறு நடை ஆரம்பித்தது. காலை வண்டியில் போய் எக்ஸ்பிரஸ் எட்டிக்கூடப் பார்க்காத ஏதாவதொரு சின்ன ஸ்டேஷனில் இறங்குவோம். பருத்திக்காடு, சோளக்காடு, ஏரிக்கரை என்று பகல் முழுக்க நடந்துவிட்டு மாலை வண்டியில் திரும்புவோம். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கல்லகம் என்று அவரே சொல்லி வைத்திருந்தார். அவர் போன பிறகு எல்லோரும் என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். நான் சரியென்று சொல்லவில்லை. வெளிப்படையாகச் சொன்னால், எனக்குப் பயமாக இருக்கிறது.

முதல் நடையன்று நடந்த கூத்து உங்களுக்கு நினைவிருக்கும். சில்லக்குடியில் இறங்குவதாகத் திட்டம். தொப்பி, தண்ணீர் பாட்டில், புளிச்சோறு எல்லாம் எடுத்துக்கொண்டு ஜோராக ஏறினோம். ஆனால் உடம்புக்கு ஞாயிறு, திங்கள் தெரியுமா? அந்த வண்டியில் உட்கார்ந்தால் தூங்க வேண்டும், திருச்சியில் விழிக்க வேண்டும் என்றுதான் அதற்குப் பழக்கம். ஒருவர் பாக்கியில்லாமல் தூங்கிப்போனோம், சவரி அண்ணன் உட்பட. திருச்சி பிளாட்பாரத்தில் ஒருவரையொருவர் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். புளிச்சோற்றை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து தின்றோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏறத் தெரிஞ்சா பத்தாது டீச்சர், எறங்கத் தெரியணும்" என்றார். அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வண்டியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவருடைய பயத்துக்கு ஒரு அளவே கிடையாது. வரப்பில் பாம்பு இருக்கும், தோப்பில் நாய் இருக்கும், வெயில் மண்டையில் ஏறிவிடும், யாராவது தண்ணீர் குடிக்காமல் மயங்கி விழுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே மாலை வண்டி. அதை விட்டால் பஸ் போகிற ரோட்டுக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தோமோ இல்லையோ, வந்து நின்றுவிடுவார். "போறது நம்ம இஷ்டம். வர்றது வண்டி இஷ்டம். எந்திரிங்க, எந்திரிங்க." நாங்கள் அவரைச் செய்யாத கேலி இல்லை. பெரம்பலூர் பாலு அவருக்கு, வண்டியில் கொடி காட்டுகிற கார்டு என்றே பெயர் வைத்திருந்தார். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்பதால் விடிவதற்குள் பஸ் பிடித்து அரியலூர் வந்து எங்களோடு வண்டி ஏறுகிறவர் பாலு. "கார்டு கொடி காட்டிட்டாருப்பா, கெளம்புங்க" என்பார். சவரி அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

கல்லகம் பக்கம் முன்பு ஒருமுறை போயிருக்கிறோம். அங்கே சுண்ணாம்புக்கல் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன, தண்ணீர் தேங்கிக் கிடக்கிற ஒரு குழி உண்டு. அதன் ஓரத்தில் கல்லாகிப்போன கிளிஞ்சல் கிடைக்கும் என்று பாலு எங்களைவிட்டுத் தனியே போனார். மாலையில் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மண் செருப்பில் அப்பி, காலைத் தூக்கி வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஒருவழியாக ஸ்டேஷனுக்கு வந்து எண்ணிப் பார்த்தால் பாலுவைக் காணோம். அவருடைய போன் அணைந்து கிடந்தது. தூரத்தில் வண்டி வருவது தெரிந்தது.

"நீங்கள்லாம் ஏறுங்க. நான் தம்பியப் பாத்துக் கூட்டிட்டு வரேன்" என்றார் சவரி அண்ணன்.

"அண்ணே, இதுக்கப்புறம் எந்த வண்டியும் இங்க நிக்காதுண்ணே."

"தெரியும் டீச்சர். ஏறுங்க."

மழைக்குள் அவர் திரும்பி ஓடியதை ஜன்னலிலிருந்து பார்த்தோம். அரியலூரில் இறங்கினால், இன்ஜினுக்கு அடுத்த பெட்டியிலிருந்து சோம்பல் முறித்துக்கொண்டு பாலு இறங்குகிறார். குறுக்கு வழியில் வந்து பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறார். வண்டி வந்ததும் முன்பெட்டியில் ஏறி, ஏறிய கையோடு தூங்கியும்விட்டார். சவரி அண்ணனுக்குப் போன் போட்டால் போகவேயில்லை. ஸ்டேஷன் வாசலிலேயே நின்றோம். பாலு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். இடுப்புவரை சேறு. பாலுவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். கிட்டே வந்து பாலுவின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்தார். "குழித் தண்ணியில ஒரு செருப்பு மெதந்துச்சு டீச்சர். அது தம்பியோடதான்னு பாக்கத்தான் எறங்குனேன். யாரோ எப்பவோ போட்டது" என்றார். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. வீட்டுக்குப் போய் நான் தனியே உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு அவரைக் கார்டு என்று யாரும் கூப்பிடவில்லை.

அடக்கம் அவருடைய சொந்த ஊரான ஏலாக்குறிச்சியில் நடந்தது. திருமானூர் வழியாகப் பஸ்ஸில் போனோம். கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது மேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் எப்படியெல்லாம் எங்களுக்காகப் பயப்படுவார் என்று ஆறுதலாக ஏதோ சொன்னேன். அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அவரா? வூட்டுல அவருக்கு எதுக்குமே பயம் கெடயாது டீச்சர். போன மாசமே நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு டாக்டரப் பாத்தாரு. டெஸ்ட் எடுக்கணும், நடக்கறதக் கொறைங்கன்னாங்க. கல்லகத்துக்கு ஆளுங்களக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து எடுத்துக்கறேன்னுட்டாரு. எனக்குத்தான் பயம். நான் சொன்னா கேக்கற ஆளா?"

எனக்கு வந்தது அழுகையில்லை, கோபம். எங்களில் ஒருவர் கால் இடறினால் பதறுகிற மனிதர், தன் நெஞ்சைப் பற்றி எங்களிடம் மூச்சுவிடவில்லை. தினமும் எதிரெதிரே உட்கார்ந்து போனோமே, நாங்களாவது கேட்டோமா? தூங்கிக்கொண்டிருந்தோம். ஏலாக்குறிச்சியிலிருந்து வீடு வரும்வரை இது ஒன்றுதான் மனதில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு பேரை வயல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனால், யாருக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

அதனால் நேற்று மாலை எல்லோருக்கும் தனித்தனியாகப் போன் செய்தேன். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு அடைக்கிறதா, டாக்டர் எதையாவது பார்க்கச் சொல்லித் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சிலர் எரிச்சல்பட்டார்கள். பாலு சிரித்தார்.

"டீச்சர், நீங்க அண்ணனையே மிஞ்சிடுவீங்க போலருக்கே."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க பாலு."

சிரிப்பு நின்றது. "படி ஏறுனா நெஞ்சுல ஒரு பிடிப்பு வருது டீச்சர். கொஞ்ச நாளாவே. கேஸுன்னு நெனச்சேன். வூட்டுல சொல்லல."

போனை அவர் மனைவியிடம் கொடுக்கச் சொன்னேன். முடியாது என்றார். கொடுக்காவிட்டால் நேரில் வருவேன் என்றேன். கொடுத்தார். அப்போதே அந்தம்மா அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். இன்று காலையில் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு நானும் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். இருவரும் உள்ளே டாக்டரிடம் இருக்கிறார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதவு இன்னும் திறக்கவில்லை. ஞாயிறு நடையைத் தள்ளி வைத்துவிட்டதாக எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பாலு எழுந்து நடமாடட்டும், கல்லகத்துக்கு நானே கூட்டிப் போகிறேன்.

சவரி அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பயத்தை மட்டும்தான். எங்கள் எல்லோருக்காகவும் அவர் பட்ட பயம் அது. அவருக்காக எங்களில் ஒருவரும் படாத பயம்.