புத்தூர் பஸ்ஸில் ஒரு சாட்சி

இப்படி நடக்கும் என்று போன வாரமே டீக்கடையில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

இன்று காலை புத்தூரில் திருப்பதி பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஏழாவது படிக்கிற நம்ம தமிழ்ப் பெண். அதே பள்ளியின் பெரிய பையன் ஒருவன் அவள் புத்தகப் பையைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டினான்.

“ஏய் அரவம், தெலுகுலோ அடுகு, இஸ்தா!”

தெலுங்கில் கேட்டால்தான் தருவானாம். ஆந்திர எல்லை பிரித்து இத்தனை வருஷமாகியும் தமிழ்க்காரருக்கு ‘அரவம்’ என்கிற அந்தப் பட்டப்பெயர் போகவில்லை.

அவள் அழவில்லை. பக்கத்துத் தோழியிடம், “நாளைலேர்ந்து நான் இஸ்கூலுக்கு வர்ல, வூட்லயே கீறேன்” என்றாள்.

நான் விடுவேனா? சிங்கம் போல எழுந்தேன்.

“டேய், பையைக் குடுடா! நான் பாத்துக்கினுதான் இருந்தேன். நாளைக்கு உன் ஹெட்மாஸ்டர்கிட்ட வந்து சொல்றேன்!”

பஸ்ஸே அதிர்ந்தது. பை திரும்பி வந்தது. பெண் அதை மடியில் வைத்துக்கொண்டு, “அப்ப நாளைக்கு வரேன்” என்றாள்.

சரி, ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எழுந்தது நான் இல்லை, அந்தத் தோழி. தெலுங்குக்காரப் பெண், அவன் தோளுயரம்கூட இல்லை. “நேனு சூசானு, சார்கி நேனே செப்தா” என்றாள். நான் பார்த்தேன், சாரிடம் நானே சொல்வேன் என்று அர்த்தம். நானோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஃபோனுக்குள் தலையை விட்டிருந்தேன்.

நாளை அவர்களோடு ஹெட்மாஸ்டர் அறைவரை போகிறேன், இரண்டாவது சாட்சியாக. இது சத்தியம்.

அந்த பஸ்ஸில் என்னைப் போலவே ஃபோனைப் பார்த்திருந்தவர்களே, இப்போதும் அதைத்தானே பார்க்கிறீர்கள்? யார் யார் வருகிறீர்கள்?