பொறுமை பழகும் வகுப்பு

தையலக்காவைப் போல ஒரு பொறுமைசாலி உண்டா என்று தெருவே சொல்லும். பக்கவாதத்தில் படுத்துவிட்ட புருஷனின் கட்டிலை ஒட்டியே தையல் மெஷினைப் போட்டு, ஒரு காது மெஷினிலும் ஒரு காது அவரிடமுமாகப் பிழைப்பை ஓட்டுகிறவள். பேச்சென்னவோ நல்ல பேச்சுதான். போர்வைக்குள் அவர் தொடையில் கன்றிப்போயிருந்த கிள்ளுத் தடங்களைத் தெரு பார்த்ததில்லை.

முதல் தடவை, ஊட்டியதைத் துப்பினார் என்று கிள்ளினாள். கிள்ளிவிட்டு அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது என்ன பிரயோஜனம்? அடுத்த வாரமே கை மறுபடி போனது.

தன் கைக்குத் தானே பயந்துதான் நூலக மாடியில் நடந்த இலவச வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். நல்ல மனிதராக வாழ்வது எப்படி என்று பழங்காலத்துத் தத்துவ ஞானிகள் சொன்னதையெல்லாம் அங்கே சொல்லித் தந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து அவரைப் பார்த்துக்கொள்வான். வாடகைக் கார் ஓட்டுகிறவன். அன்று அவனுக்கு ஓய்வு.

"தப்புன்னு நல்லாத் தெரியுது மேடம். தெரிஞ்சும் கை செய்யுதே, அதுக்கு அவங்க என்ன சொல்லியிருக்காங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

வகுப்பெடுத்தவளுக்கு இவள் மகள் வயசுதான் இருக்கும். "பழகப் பழகத்தான் குணம் வரும்மா. நல்லவங்க மாதிரி நடந்துக்கிட்டே இருங்க, ஒருநாள் அதுவே இயல்பாயிடும்."

"அதுவரைக்கும் பக்கத்துல இருக்கிறவங்க கதி?"

அந்தப் பெண் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினாள். ஞானிகள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர்களில் யாரும் படுத்த படுக்கையாய்க் கிடப்பவருக்குத் துணி மாற்றியிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

அந்த வாரமே, அவசரமாகக் கொடுக்க வேண்டிய சட்டைமேல் அவர் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். பாடத்தில் சொன்னபடி அவள் நிதானித்தாள். கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு, நிதானமாகவே கிள்ளினாள்.

அதில்தான் அவள் உடைந்து போனாள். ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட இப்போது வழியில்லை.

சனிக்கிழமை தம்பி வந்து நின்றபோது அவள் கிளம்பவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, புருஷனின் விளங்குகிற கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படிச்சு ஒண்ணும் ஆகலங்க. இனிமே போகல. அந்த நேரமும் உங்க கூடவே இருக்கேன்."

அவர் கையை உருவிக்கொண்டார். பக்கத்தில் கிடந்த அவளுடைய பையைத் தடவி எடுத்து அவள் மடியில் தள்ளினார். கோணிப்போன வாயிலிருந்து ஒரு சொல்லை வரவழைக்கப் படாத பாடு பட்டார்.

"போ."

"பாருங்கக்கா, நீங்க படிக்கணும்னு அண்ணனுக்கு எவ்வளவு ஆசை," என்றான் தம்பி.

வாரம் முழுவதிலும் அவர் பயமில்லாமல் படுத்திருக்கிற நேரம் அது ஒன்றுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.