பேர் வெட்டிய பாத்திரங்கள்

ஊர் சுற்றிக் காட்டுகிற வேலையில் கால் வலி இரண்டாம்பட்சம், முதலில் வலிப்பது கன்னம்தான். புடவைக் கடையில் விரித்துக் காட்டுகிறவர்கள், ஓட்டல் வரவேற்பில் நிற்கிறவர்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள் என்று முகத்தை மலர்த்தி வைத்துக்கொண்டு சம்பளம் வாங்குகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா படித்துவிட்டுப் போகலாம்.

பிரெஞ்சு படித்த பாவம்

சாந்தோமில் எங்கள் தெருவில் பாதிப் பேர் டீச்சர், மீதிப் பேர் நர்ஸ். நானும் கான்வென்ட்டில் கன்னியாஸ்திரீகளிடம் பிரெஞ்சு படித்தேன், கொஞ்ச காலம் அதைச் சொல்லியும் கொடுத்தேன். எழுபதுகளின் ஆரம்பத்தில் மவுண்ட் ரோட்டு டிராவல் ஆபீஸ் ஒன்றில் பிரெஞ்சு தெரிந்த கைடு வேண்டுமென்றார்கள். போய்ச் சேர்ந்தேன். மயிலாப்பூரின் பழைய தெருக்களையும் அங்கே நடக்கிற கைவேலைகளையும் காட்டுவது என் பொறுப்பு. குளம், மாட வீதி, நகைக் கடை, பாத்திரக் கடை, பூக்கடை, கடைசியில் கடற்கரை.

எனக்கென்று ஒதுக்கிய வண்டி ஏகாம்பரத்தின் அம்பாசிடர். ராயப்பேட்டைக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது, காக்கிச் சட்டை, வாயில் சதா வெற்றிலை. விருந்தாளிகள் பின்னால் நெருக்கி உட்கார, நான் முன்னால் அவர் பக்கத்தில். டீச்சராக இருந்தேன் என்று சொல்லித் தொலைத்ததால் கடைசிவரை அவருக்கு நான் டீச்சர்தான். முதல் நாள் கோபுரத்தைப் பற்றி நான் மூச்சு விடாமல் பேசியதையும், பின் சீட்டில் எல்லோரும் தூங்கி வழிந்ததையும் கண்ணாடியில் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

“நீங்க பிரெஞ்சுல பேசிக்கினு வாங்க டீச்சர், நான் ஆரன் அடிச்சிக்கினு வரேன். ரெண்டையும் எவன் காதுல வாங்கறான்?”

பங்கஜத்தின் குடம்

மாட வீதியில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவரின் பாத்திரக் கடை இருந்தது. அப்போது ஊரே பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிக்கொண்டிருந்தது. போட்ட பழசெல்லாம் உருக்கப் போவதற்கு முன்னால் அவர் கடையின் பின்கட்டில் குவிந்து கிடக்கும். நான் கூட்டிப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் பளபளவென்று அடுக்கிய எவர்சில்வரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நேரே பின்கட்டுக்குப் போய்க் கரி பிடித்த குடத்தைக் கட்டிக்கொள்வார்கள். அண்ணாச்சிக்கு இது புரியவே இல்லை, ஆனால் கசக்கவும் இல்லை.

பாரிஸிலிருந்து வந்த ஒரு அம்மாள், குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்ததைத் தடவித் தடவி ரசித்தாள். இது என்ன பூ என்று கேட்டாள். பூ இல்லை, பெயர், ‘பங்கஜம்’ என்று வெட்டியிருக்கிறது என்றேன். பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு இரவல் போனால் திரும்பி வர வேண்டுமே என்று விளக்கினேன். பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போதும் அவள் பேரை வெட்டித்தான் கொடுப்போம், இன்னொருத்தி பேர் போட்டதை விலைக்கு வாங்க மாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்த அம்மாள் குடத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“அப்படியானால் நான் எடுத்துப்போகிறேன் என்று பங்கஜத்திடம் யார் சொல்வது?”

ஏகாம்பரத்தின் கமிஷன்

ஆள் கூட்டி வருகிற டிரைவருக்குக் கடைக்காரர்கள் ஏதாவது கொடுப்பது எல்லா ஊரிலும் உண்டு. அந்த நேரத்தில் நாங்கள் வேறு பக்கம் பார்ப்போம், அதுவும் எங்கள் வேலையில் சேர்த்தி. ஏகாம்பரம் பணமாக வாங்க மாட்டார். பணமாக வாங்கினால் வீடு போய்ச் சேராது என்று தன்னைப் பற்றி அவருக்கே நன்றாகத் தெரியும். பாத்திரமாகத்தான் கேட்பார். கூட்டி வந்த பார்ட்டி அள்ளிக்கொண்டு போனால் ஒரு பித்தளைச் சாமான், பேருக்கு வாங்கினால் ஒரு எவர்சில்வர் டம்ளர். வாசலில் உளியும் சுத்தியுமாக உட்கார்ந்திருக்கிறவர் அதில் அங்கேயே ‘ஏ. வசந்தா’ என்று வெட்டித் தர வேண்டும். வசந்தா அவருடைய ஒரே பெண்.

அசோக் நகரில் எலக்ட்ரீஷியன் மாப்பிள்ளை அமைந்தது. தையில் கல்யாணம் என்று நிச்சயமானது. அதற்குள் வீட்டுப் பரணில் குடம், தவலை, சொம்பு, தாம்பாளம் என்று இடமில்லாமல் போய்விட்டது. பாத்திரக் கடை வேண்டாம் என்று எந்த பார்ட்டியாவது சொன்னால், என்ஜின் சூடாகிவிட்டதென்று சரியாக அந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்துவார். புது வண்டி வந்த பிறகும் அந்த இடத்தில் மட்டும் என்ஜின் சூடானது. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொன்னார்:

“ஏகாம்பரம், ஒம்ம மவ மாமியார் வீட்டுக்குப் போறதுக்கு டாக்சி பத்தாதுவே, லாரிய சொல்லி வையும்!”

மோந்து பார்த்த பூ

மார்கழியில் ஏகாம்பரம் வேலைக்கு வரவில்லை. பெண்ணுக்கு மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். காமாலைதானே, வந்தால் போகிறதுதானே என்று நானும் நினைத்துக்கொண்டேன். எனக்கு வேறொரு டிரைவரைக் கொடுத்தார்கள். அவர் வாயே திறக்க மாட்டார், ஹாரனும் அடிக்க மாட்டார். முன் சீட்டு வெறிச்சென்று இருந்தது.

அந்த நாட்களில் பெல்ஜியத்துக்காரர் ஒருவர் கோயில் வாசல் பூக்கடையில் மாலை கட்டுவதை நின்று பார்த்தார். பார்த்தவர் சும்மா இருக்காமல், கட்டி வைத்த மாலை ஒன்றை எடுத்து ஆசையோடு மூக்கில் வைத்துக்கொண்டார். பூக்காரம்மாள் எழுந்து நின்று கத்தினாள். மோந்து பார்த்த பூ சாமிக்கு ஆகாது, அதை அவரையே போட்டுக்கொள்ளச் சொல்லு என்றாள். நான் மன்னிப்புக் கேட்டு, அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“உங்கள் கடவுள் எதையும் தானே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறவர் போலிருக்கிறது.”

லீவில் வந்தவர்கள்

பொங்கல் கழிந்து ஒரு காலையில் ஏகாம்பரம் வண்டியோடு வந்து நின்றார். பின்னால் லியோன் நகரத்துக் குடும்பம் ஒன்று ஏறிக்கொண்டது. வெற்றிலை போடாத அவர் வாயை அன்றுதான் பார்த்தேன். வசந்தாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வண்டியைக் கச்சேரி ரோட்டில் திருப்பினார். திரும்பியதும், “பூட்டா டீச்சர்” என்றார். கியர் மாற்றினார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து, தூரத்தில் தெரிகிற வெள்ளைக் கோபுரம் எது என்று கேட்டார்கள். சாந்தோம் மாதா கோயில் என்றேன். அப்போஸ்தலரின் கல்லறை, போர்ச்சுகீசியர் காலம் என்று தினமும் சொல்வதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். என் குரலை எனக்கே சகிக்கவில்லை. கன்னம் மட்டும் அது பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. கடற்கரையில் அவர்கள் இறங்கி மணலில் நடந்த பிறகு, விஷயத்தைச் சொல்லி இவர்களைத் திருப்பி அனுப்பிவிடலாம், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று ஏகாம்பரத்திடம் சொன்னேன். அவர் வேண்டாமென்று கையை அசைத்தார்.

“அவுங்களாண்ட சொல்லாதீங்க டீச்சர். பாவம், லீவுல வந்துகீறாங்க.”

டிக்கியில் இருந்தவை

வசந்தா போன பிறகு அந்த வீட்டில் அவள் பேரை யாரும் சொல்வதில்லை. சொன்னால் அவர் மனைவி படுத்த படுக்கையாகிவிடுவாள். ஆனால் தலைக்கு மேலே பரண் முழுக்க அந்தப் பேர்தான். அண்ணாச்சி ஆறுதலாகத்தான் பேசினார், சாமானைக் கொண்டு வாரும், வேறு தருகிறேன் என்றார். கொண்டுவந்தால் அது உருக்கத்தான் போகும் என்று ஏகாம்பரத்துக்குத் தெரியும். பேரைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்று உளிக்காரர் சொன்னதற்கு, ஏகாம்பரம் கடையை விட்டே இறங்கி வந்துவிட்டார்.

பிறகு அவராக ஒரு வழி கண்டுபிடித்தார். பித்தளைச் சாமான்களை ஒவ்வொன்றாக டிக்கியில் வைத்துக்கொண்டு வந்தார். யாராவது வெளிநாட்டுக்காரர் ஆசைப்பட்டால் சும்மா கொடுத்துவிடுங்கள் என்றார். ஒரு குடமும் ஒரு சொம்பும் அப்படிப் போயின. வாங்கியவர்கள் எழுத்தைத் தடவிப் பார்த்து, அழகு, அழகு என்றார்கள். அது பேர் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. ஏன் இப்படி என்று அவரைத்தான் கேட்டேன்.

“நம்மாளு கையில கெடச்சா படிச்சுட்டு ஐயோன்னு கீழ வெச்சுடுவான். அவுங்களுக்கு அது பூதானே டீச்சர், பூவாவே இருந்துட்டுப் போவட்டும்.”

ஒவ்வொரு சந்துக்கும் ஒரு தொழில்

அந்த வருஷம்தான் இத்ரீஸ் வந்தார். ஆப்பிரிக்காவின் வடக்கே மொரோக்கோ, அங்கே ஃபெஸ் என்கிற பழைய நகரம். அவர் அங்கே பித்தளைத் தட்டுகளில் சித்திரம் வெட்டுகிறவர். டெல்லியில் கைவேலைக் கண்காட்சிக்கு வந்து, அப்படியே தெற்கையும் பார்க்க வந்திருந்தார். பிரெஞ்சு பேசுவார் என்பதால் என் தலையில் கட்டினார்கள். நல்லவேளை கட்டினார்கள்.

அன்றைக்கு நாங்கள் சுற்றியது மயிலாப்பூரை, நான் பார்த்ததோ ஃபெஸ்ஸை. மதிலுக்குள் இருக்கிற அந்த நகரத்தில் கார் நுழையாது, கழுதைதான் லாரி. பித்தளை தட்டுகிறவர்களுக்கு ஒரு சதுக்கம், செருப்பு தைக்கிறவர்களுக்கு ஒரு சந்து, மரம் செதுக்குகிறவர்களுக்கு இன்னொரு சந்து. தோல் ஊறுகிற தொட்டிகளை மாடியிலிருந்து பார்க்கப் போனால், நாற்றத்துக்கு மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினாக் கொத்து ஒன்று கொடுப்பார்களாம். இங்கே நகைக் கடைக்குப் பக்கத்தில் வடையும், வடைக்குப் பக்கத்தில் குடை ரிப்பேரும் இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் “ஓரம் போ” என்று இரைந்தபோது அதற்கு அர்த்தம் கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

“எங்கள் சந்துகளில் கழுதைக்காரன் ‘பாலக், பாலக்’ என்று கத்துவதும் இதற்குத்தான். அப்படியானால் நான் ஊரை விட்டு வரவே இல்லை!”

தாம்பாளம்

அண்ணாச்சி கடை வாசலில் ஏகாம்பரம் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு பித்தளைத் தாம்பாளம். தட்டு என்றால் விடுவாரா இத்ரீஸ்? இரண்டு கையாலும் எடுத்து வெயிலில் சாய்த்துப் பிடித்தார். விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து எழுத்தில் நிறுத்தினார். இது பூ வேலை இல்லை, இது யாருடைய பெயர் என்று கேட்டார். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே, சொல்லுங்க என்றார்.

சொன்னேன். வழக்கமான சிரிப்பு இல்லாமல் சொன்னேன். இத்ரீஸ் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். தாம்பாளம் அவர் மடியில் இருந்தது. அந்தப் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். அவருக்கு ‘வ’ வரவில்லை. உவஸந்தா, உவஸந்தா என்று எழுத்தின் மேல் விரலை வைத்தபடி சொல்லிப் பார்த்தார். தெருச் சத்தத்தில் அது கேட்பதற்காக இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இதில்தான் டீ கொடுப்பேன், இது யார் பேர் என்று கேட்டால் சொல்வேன் என்றார்.

ஏகாம்பரத்துக்கு பிரெஞ்சு தெரியாது, ஆனால் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மாதக்கணக்கில் யாரும் சொல்லாத பேர். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நடு வீதியில் நின்று அழுதார், நானும் அழுதேன். பிறகு அவர் குனிந்து, இத்ரீஸின் மடியிலிருந்து தாம்பாளத்தை எடுத்தார். கொடுக்க மனசு வரலன்னு சொல்லுங்க டீச்சர், தப்பா நெனச்சுக்கப் போறாரு என்றார். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இத்ரீஸ் எழுந்து அவர் தோளைத் தொட்டார்.

“வேண்டாம், கொடுக்காதே. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.”

அடுத்த பார்ட்டி

டிக்கியில் அதற்குப் பிறகு ஸ்டெப்னியும் ஜாக்கியும் மட்டும்தான். போன குடமும் சொம்பும் எந்த ஊரில் எந்த அலமாரியில் இருக்கின்றனவோ, அதை நினைத்து அவர் சில நாள் சாப்பிடவில்லை. மற்றதையெல்லாம் பரணிலிருந்து இறக்கிவிட்டார். மனைவி முதலில் கத்தினாள், அழுதாள், பிறகு ஒரு நாள் அந்தத் தவலையில் தண்ணீர் பிடித்து வைத்தாள் என்று சொன்னார்.

சில வாரங்கள் கழித்து ஒரு பெரிய பார்ட்டி அண்ணாச்சியின் பின்கட்டையே காலி செய்துவிட்டுப் போனது. அண்ணாச்சி பழக்க தோஷத்தில் ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து உளிக்காரரிடம் நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. கை அப்படியே நின்றது. உளிக்காரர் அண்ணாச்சியைப் பார்த்தார், அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அந்த நேரத்தில் எப்போதும் பார்க்கிற வேறு பக்கத்தைத் தேடினேன். ஏகாம்பரம் சொம்பை வாங்கி, உளிக்காரர் முன்னால் வைத்தார்.

“வெட்டு நைனா. அதே பேருதான், இனிஷியல்கூட மாறல.”

இந்த ஊரின் எந்தச் சந்து எங்கே போய் முடியும் என்று பிரெஞ்சில்கூட விளக்கத் தெரிந்த எனக்கு, பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் தமிழில் என்ன சொல்வதென்று மட்டும் ஓய்வு பெறுகிறவரை தெரியவில்லை.